விஞ்ஞானம் காலமானார்

பிப்ரவரி 4

பிழைக்கு,

ஜனவரி இதழ் வந்தது. அட்டையை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். 'தொலைவு' என்ற பெயருக்குக் கீழே ஒன்பது வருடமாக நாம் போட்டுவந்த 'விஞ்ஞானக் கதை மாத இதழ்' என்ற வரியைக் காணோம். அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பிறகு, பிழை திருத்துவதையே வேலையாக வைத்திருக்கும் உன் கண்ணுக்கு அது தப்பாது என்று புரிந்தது. வேண்டுமென்றே எடுத்திருக்கிறாய்.

தலையங்கத்தையும் படித்தேன். இனிமேல் நாம் எழுதுவது, படிப்பது எல்லாம் 'ஊகப்புனைவு' என்கிறாய். ஏப்ரல் கூட்டத்தில் நம் வாசகர் வட்டத்தில் அங்கே இருக்கும் பதினான்கு பேரும் கைதூக்கி முடிவு செய்வோம் என்கிறாய். நான் அங்கே இல்லாத நேரமாகப் பார்த்துக் கைதூக்கச் சொல்வது நல்ல யோசனை.

ஒரு காரியம் செய். பஸ் நிலையத்துப் புத்தகக் கடைக்குப் போய், "ஊகப்புனைவு இருக்கா?" என்று கேள். நடிகை வீட்டில் நடந்த சண்டையைப் பற்றிய வாரப் பத்திரிகையை எடுத்து நீட்டுவான். "விஞ்ஞானக் கதை இருக்கா?" என்று கேட்டால், குனிந்து அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தருவான். எனக்குக் கடைக்காரனுக்குப் புரிகிற சொல் போதும். பேராசிரியருக்குப் புரிகிற சொல் உனக்கு வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. ஆஸ்பத்திரியில் நாளுக்கு நாற்பது எக்ஸ்ரே. பெரும்பாலும் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களின் நெஞ்சு. மூச்சை இழு, பிடி, விடு. அவ்வளவுதான் நான் ஒரு நாளில் பேசுவது. மாற்றல் முடிய இன்னும் ஒன்றரை வருடம். அதுவரை என்னை மனிதனாக வைத்திருப்பது இந்த இதழ்தான். அதில் என் பெயரையே எடுத்துவிட்டாய். 'விஞ்ஞானம்' என்று எனக்குப் பெயர் வைத்ததே நீதானே?

அப்பாவுக்கு ஜனவரி இதழ் போனதா? நான் அவருக்கு எழுதி நாளாயிற்று. டிசம்பரில் எழுதினது. காது கேட்காத மனிதருக்குப் போனும் பண்ண முடியாது. இதழ் ஒழுங்காக வந்தால் பையன் நன்றாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். அதனால் தவறாமல் அனுப்பு.

விஞ்ஞானம்

*

பிப்ரவரி 19

அருமை விஞ்ஞானத்துக்கு,

கோபத்தில் எழுதினாலும் உன் கடிதத்தில் ஒரே ஒரு ஒற்றுப்பிழைதான் இருந்தது. ஒன்பது வருட சகவாசம் வீண் போகவில்லை.

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை டெய்லர் வீட்டு மாடியில் வட்டம் கூடியபோது எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பஸ் நிலையத்துக் கடைக்காரன் பகுதிக்கு மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கு டீச்சர் மட்டும், "அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே" என்றார். (அவர் ஓட்டு உனக்கு. மொத்தத்தில் உனக்கு இரண்டு ஓட்டு தேறும்.)

என் பக்கத்தையும் கேட்டுக்கொள். போன மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு பேராசிரியர் வந்தார். இருபதாம் நூற்றாண்டுக் கதைகளைப் பற்றி எழுநூறு பக்கத்தில் புத்தகம். நான்தான் மெய்ப்பு பார்த்தேன். நம் வகைக் கதைக்கு அதில் எவ்வளவு இடம் என்று தெரியுமா? ஒரு அடிக்குறிப்பு. 'சிறுவர்களுக்கான விஞ்ஞானக் கதைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.' நான் அவரிடமே கேட்டேன். "ராக்கெட் விடுற கதைதானே தம்பி" என்றார். ராக்கெட்டே இல்லாமல் நாம் எழுதிய கதைகளைச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு விஞ்ஞானம்னு பேரு வச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன். உன் சொல் நம்மை ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு முட்டி மடங்க மாட்டேனென்கிறது.

அதனால் அந்தச் சொல்லை முறைப்படி அடக்கம் செய்துவிடப் போகிறேன். மார்ச் இதழைப் பார். கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தால் அதையும் எழுது. வாசகர் கடிதப் பகுதி வறண்டு கிடக்கிறது. இரண்டு வருடம் முன்னால் 'ஓய்வுபெற்ற ரயில் கார்டு' என்ற பெயரில் நீ நான்கு மாதம் கடிதம் எழுதி எல்லோரையும் ஏமாற்றினாயே, கால யந்திரங்கள் நேர அட்டவணைப்படி ஓடுவதில்லை என்று புகார் சொன்ன கிழவர். இன்றைக்கும் ஆட்கள் அவரைக் கேட்கிறார்கள். அவருக்கு உயிர் கொடு.

அப்பாவுக்கு இதழ் போயிற்று. நம் முதல் சந்தாதாரர் ஆயிற்றே. மேலுறையில் என் கையாலேயேதான் முகவரி எழுதுகிறேன்.

பிழை

*

மார்ச் 14

பிழைக்கு,

பார்த்தேன். பதினொன்றாம் பக்கம் முழுவதும். கருப்புக் கட்டம், என் பழைய அடையாள அட்டைப் படம், கீழே 'விஞ்ஞானம் காலமானார்'.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 'நம் வட்டத்தினர் அனைவராலும் விஞ்ஞானம் என்று அன்போடு அழைக்கப்பட்டவர், தொலைதூர ஊரில் தனிமையில் காலமானார். கடைசி மூச்சு வரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மரணத்துக்குக் காரணம் பிடிவாதம் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர்.' இரண்டு முறை சிரித்தேன். மூன்றாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. இது சொல்லுக்கு எழுதின இரங்கல் இல்லை, எனக்கு எழுதினது. சொல்லுக்கென்று எழுதியிருந்தால் படம் எதற்கு?

இதழை நர்ஸ் ஒருத்தி மேசை மேல் பார்த்துவிட்டு, "சார், இது நீங்கதானே?" என்று கேட்டாள். விளையாட்டு என்று சொன்னேன். "இதுலயுமா விளையாடுவாங்க?" என்றாள்.

சரி. செத்தவன் பதில் எழுத மாட்டான். ஏப்ரல் கூட்டம் முடியும்வரை என்னிடமிருந்து உனக்கோ, வட்டத்தில் வேறு யாருக்கோ ஒரு வரி வராது. கைதூக்கி முடித்துவிட்டு எந்தப் பெயர் பிழைத்தது என்று சொல்.

*

ஏப்ரல் 3

விஞ்ஞானமே,

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு இப்படி ஒரு கடிதத்தை அனுப்பியிருக்கிறாயே. என் தொப்பியைக் கழற்றுகிறேன், தொப்பி இல்லாவிட்டாலும். ரயில் கார்டு எல்லாம் ஒன்றுமே இல்லை. நீ எழுதினதிலேயே இதுதான் சிறந்தது.

ஏப்ரல் இதழ் இத்துடன். ஏழாம் பக்கத்தைப் பார். கடிதத்தை ஒரு வரி விடாமல் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றே விட்டிருந்த எழுத்துப் பிழைகளில் பாதியைத் திருத்திவிட்டு, பாதியைச் சுவைக்காக அப்படியே விட்டேன். அச்சில் எப்படி வந்திருக்கிறது பார்:

'ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். பத்திரிக்கை கிடைத்தது. என் மகன் இறந்த செய்தி பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதால் தெரிந்தது. நன்றி. சாவுக்குக் காரணம் பிடிவாதம் என்று போட்டு இருந்தீர்கள். அது உண்மை. நாலாம் வகுப்பில் காய்ச்சலோடு பரிட்சைக்குப் போனவன். எனக்குக் காது கேட்காது, அதனால் போன் செய்ய வேண்டாம். அவன் சாமான்களை அனுப்பி வைத்தால் நல்லது. துணி வேண்டாம். அவன் கையால் எழுதினது எது இருந்தாலும் அனுப்பவும். அடக்கம் எந்த இடம் என்று எழுதினால் வந்து பார்ப்பேன். எனக்குத் தனியாகப் பஸ் ஏற முடியும்.'

அந்தக் கடைசி வரி. அதை எப்படிப் பிடித்தாய்? மருந்துக்கடைக்காரர் இதை நடித்தே காட்டினார். டெய்லர் சிரித்துச் சிரித்துத் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

அடியில் நான் எழுதின பதிலும் மோசமில்லை: 'பெரியவரே, அடக்கம் சென்ற இதழின் பதினொன்றாம் பக்கத்தில் நடந்தது. பஸ் அங்கே நிற்காது. உங்கள் மகன் பெட்டிக்குள்ளிருந்தும் மூடியைத் தட்டி, விஞ்ஞானக் கதை என்று சொல், விஞ்ஞானக் கதை என்று சொல் என்கிறார். அவர் விட்டுச்சென்ற சாமான்கள்: மூக்குக்கண்ணாடி ஒன்று, ராக்கெட் நூற்றுப் பன்னிரண்டு, யாருக்கும் வேண்டாத பழைய சொல் ஒன்று.'

கூட்டம் இருபதாம் தேதி. உன் கடிதத்துக்காகவே இன்னும் இரண்டு ஓட்டு உன் பக்கம் சாயும் போலிருக்கிறது. சண்டையெல்லாம் இருக்கட்டும். நீ இல்லாத மாடி மாடியாகவே இல்லை.

பிழை

*

ஏப்ரல் 11

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அது என் அப்பா எழுதியது.

காய்ச்சலோடு நான் பரீட்சைக்குப் போனது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் என் அம்மா. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

நான் அவருக்கு ஒரே பிள்ளை. மில்லில் முப்பத்தொரு வருடம் பாய்லர் பக்கத்தில் நின்று காதை இழந்தவர். உங்கள் பத்திரிகையில் வருகிற கதை எதுவும் அவருக்குப் புரியாது. என் பெயர் எங்கே வருகிறது என்று விரல் வைத்துத் தேடுவார். மார்ச் மாதம் பதினொன்றாம் பக்கத்தில் படத்தோடு கிடைத்திருக்கிறது.

ஏப்ரல் இதழ் இந்நேரம் அவர் கைக்கும் போயிருக்கும். நீங்கள் உங்கள் கையாலேயே முகவரி எழுதுகிறீர்கள் அல்லவா.

உயிரோடு இருக்கிறேன் என்று தந்தி அடித்திருக்கிறேன். பதில் இல்லை. நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அவர் எழுதின மூலக் கடிதத்தை, உறையோடு, உடனே பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பி வையுங்கள். வேறு எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம்.

*

ஏப்ரல் 18

விஞ்ஞானம்,

உன் கடிதம் அச்சக முகவரிக்கு வந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்கிறாய், எழுதாமல் இருக்க முடியாது.

சத்தியமாக உன் வேலை என்றுதான் நினைத்தேன். நீதான் கிழவர்களாக எழுதுகிறவன். எழுதி நாலு மாதம் எல்லோரையும் நம்பவைத்தவன். அப்பாவின் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. ஒன்பது வருடத்தில் அவர் ஒரு வரி எழுதினதில்லை. கீழே பெயர்கூடப் போடாமல் வெறுமனே ஒரு கோடு இழுத்திருந்தார். இதில் எங்கே என் குற்றம் என்று தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார். கோபம் ஆறினால் உனக்கே தெரியும்.

டெய்லரிடம் சொன்னேன். "மறுப்பு எதுவும் போடாதீங்க. போட்டா அத்தனை பேரும் சிரிச்சது அசிங்கமாயிடும்" என்றார். மருந்துக்கடைக்காரரும் அதையே சொன்னார். நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். மே இதழில் நாலு வரியில் வருத்தம் தெரிவிக்கலாமா? பெயர் குறிப்பிடாமல்? ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். படித்தால் அதுவும் கதை மாதிரி இருக்கிறது. கிழித்துவிட்டேன்.

கடிதத்தை அனுப்பியிருக்கிறேன். அதன் மேல் சிவப்பு மையில் திருத்தக் குறிகள் இருக்கும். அச்சுக் கோர்க்கக் கொடுப்பதற்கு முன்னால் போட்டது. அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

கூட்டத்தைத் தள்ளிப்போட்டு விடட்டுமா?

பிழை

*

மே 2

ஆசிரியர் அவர்களுக்கு,

போய் வந்தேன்.

அப்பா குடியிருப்பது பேட்டரிக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மேசையின் மேல் உங்கள் இரண்டு இதழ்களும் இருந்தன. ஒன்று பதினொன்றாம் பக்கத்தில், இன்னொன்று ஏழாம் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. என் தந்தி பிரித்தபடி பக்கத்தில் கிடந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் இல்லை. அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. எழுந்து நின்று, "யாருங்க? யாரு வேணும்?" என்றார்.

"அப்பா, நான்தான்" என்றேன். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளுவார்.

"என் பையனப் பார்க்க வந்தீங்களா? அவன் போயிட்டான். பத்திரிகைல போட்டிருக்கு. படத்தோட போட்டிருக்கு."

"அது தமாஷுக்குப் போட்டதுப்பா. என் ஃப்ரெண்டு போட்டான்."

"தமாஷா? அப்ப எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. நீங்களும் சிரிச்சீங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் அப்பா என்னை நீங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் குடித்து முடிக்கிற வரை நின்றுகொண்டிருந்தார். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார். பிறகு கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார். மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கிடைத்தது.

திரும்பி வந்ததும் நீங்கள் அனுப்பின உறை காத்திருந்தது. எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான வேலை அது. உறையின் மூலையில் தபால் முத்திரை. அவர் ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பொடியாக, சிவப்பு மையில், ஒரு கேள்விக்குறி.

மெய்ப்பு பார்க்கிறவர்கள் சந்தேகமான இடத்தில் ஓரமாகக் கேள்விக்குறி போடுவார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பதில் வேண்டும்.

*

மே 15

விஞ்ஞானம்,

பதில் சொல்கிறேன்.

கடிதம் வந்த அன்று உறையைப் பார்க்கவில்லை. பக்கம் கோர்த்து வந்த பிறகு மூலத்தோடு ஒப்பிடும்போதுதான் முத்திரையைப் பார்த்தேன். நீ இருக்கும் ஊர் இல்லை. அப்பாவின் ஊர். கேள்விக்குறி போட்டேன். வேறு எந்த ஆசிரியரின் கைப்பிரதியாக இருந்தாலும் பக்கத்தை நிறுத்தியிருப்பேன். நீ யாரையாவது விட்டு அந்த ஊரில் தபாலில் போடச் சொல்லியிருப்பாய், அவ்வளவு தூரம் யோசிக்கக்கூடியவன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பினேனா என்று கேட்டால், பாதி.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். பக்கம் நன்றாக வந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு பக்கம் வந்ததில்லை. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் மருந்துக்கடைக்காரரின் செவ்வாய்க் கிரகக் கவிதையைப் போட வேண்டும். அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போது நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். நான் மட்டும் இதைச் செய்யவில்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீ அப்பாவுக்கு ஒரு அட்டைகூடப் போடவில்லை. எனக்கு நாலு பக்கம் எழுத நேரம் இருந்தது. ஒரு சொல்லின் மானத்துக்காகப் பக்கம் பக்கமாக எழுதினாய். ஜனவரியில் ஒரு கடிதம், பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று போயிருந்தால், என் இரங்கல் செய்தியைப் பார்த்துவிட்டு அவர் உனக்கே எழுதிக் கேட்டிருப்பார். பையன் செத்துவிட்டான் என்று ஒரு தகப்பன் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் நம்பினார் என்றால், அதற்கு முன்னாலேயே நம்புவதற்குத் தயாராக இருந்திருக்கிறார். தயார் செய்தது நான் இல்லை.

இதை எழுதக்கூடாது என்று தெரியும். எழுதிவிட்டேன்.

பிழை

*

மே 24

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மே 15 கடிதத்தைப் பதினான்கு நகல் எடுத்தேன். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையிலேயே நகல் எடுக்கும் மெஷின் இருக்கிறது. வட்டத்தில் உங்களைத் தவிர எல்லோருக்கும் ஒவ்வொன்று அனுப்பிவிட்டேன். பதினான்காவது, உங்கள் மனைவிக்கு.

உங்களை விட்டுப் போன அன்று அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். "நான் அழுதுகிட்டிருக்கேன், அவரு நான் எழுதி வச்ச சீட்டுல சந்திப்பிழை பார்த்துகிட்டிருக்காருங்க" என்றார். நண்பன் என்பதால் ஏழு வருடம் அதை என்னோடு வைத்துக்கொண்டேன்.

நேரில் போய் அப்பாவைப் பாருங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார். எழுதினவர் சொன்னால் நம்பலாம்.

*

ஜூன் 21

விஞ்ஞானம்,

உன் நகல்கள் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. டெய்லர் கீழே ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வேணாம் சார்" என்றார். இதழை மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கூட்டம் போடாமலே, கைதூக்காமலே, அட்டையில் அவரே பெயர் வைத்துவிட்டார். 'தொலைவு: ராக்கெட் கதைகள்.' உன் சொல்லும் போயிற்று, என் சொல்லும் போயிற்று.

நகலில் ஒரு பத்தி முழுவதையும் கருப்பு மையால் அடித்திருந்தாயாம். டிசம்பரிலிருந்து நீ எழுதவில்லை என்ற பத்தியை. அது என்ன என்று கணக்கு டீச்சர் அச்சகத்துக்கே வந்து கேட்டார். சொல்லிவிட்டேன்.

என் மனைவியிடமிருந்து எதுவும் வரவில்லை. வராது.

போன சனிக்கிழமை உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். இதை உள்ளபடி எழுதுகிறேன். எதையும் அழகாக்கவில்லை.

நான் யார் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "நீங்கதானா தம்பி" என்றார். நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் இதழை எடுத்துப் பதினொன்றாம் பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். "படிங்க. மெதுவாப் படிங்க. நான் உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்" என்றார்.

"ஐயா, வேண்டாம்" என்றேன்.

"நானே பல தடவ படிச்சுட்டேன். எனக்கு எங்க சிரிக்கணும்னு தெரியல. நீங்க எழுதினவரு. சிரிக்கிற இடம் வந்தா நிறுத்திச் சொல்லுங்க."

படித்தேன். அவர் என் எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கடைசி மூச்சு வரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை' என்ற இடத்தில் நிறுத்தினேன். "இங்கயா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வரியைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி, மேல படிங்க" என்றார். பிடிவாதம் என்ற இடத்தில் நான் நிறுத்துவதற்கு முன்னால் அவரே, "இது எனக்குத் தெரியும்" என்றார். முழுப் பக்கத்தில் ஏழு இடம் இருந்தது. ஏழிலும் நிறுத்தினேன். அவர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார். ஏப்ரல் இதழையும் நீட்டுவாரோ என்று பயந்தேன். அதை எடுக்கவில்லை.

பிறகு தாளில் எழுதினேன்: 'உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார். இது எல்லாம் என் தப்பு. அவரை மன்னித்துவிடுங்கள்.'

படித்துவிட்டு அந்தத் தாளை மடித்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை.

"தம்பி, அவன் மூணு மாசமா எனக்கு எழுதல. நான் தெனம் தபால்காரரப் பார்ப்பேன். என்ன காரணமோன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். அப்பதான் உங்க பத்திரிகை வந்துச்சு. அழுதேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. செத்ததாலதான் எழுதலன்னு புரிஞ்சுது. செத்தவன் மேல கோவப்பட முடியாதில்ல? இப்ப உயிரோட இருக்கான்னு வந்து சொல்றீங்க. உயிரோட இருந்தும் எழுதலன்னா, அதுக்கு நான் என்ன காரணம் சொல்லிக்கறது? நீங்க எழுதினதே இருக்கட்டும். அதுதான் நல்லாருக்கு."

வாசல் வரை வந்தார். எந்தப் பஸ், எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

இதை உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நீ இருந்தால் விட்டிருப்பாயா? என் மனைவி சொன்னதை நீ விட்டாயா?

பிழை

*

செப்டம்பர் 7

ஐயா,

உங்கள் ஜூன் கடிதம் கிடைத்தது. பதில் போட நாளாகிவிட்டது. இது பதிலும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், இதைப் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அந்த அளவுக்கு நாம் இரண்டு பேரும் நாசமாகிவிட்டோம்.

ஜூலையிலிருந்து வாரம் ஒரு கடிதம் அப்பாவுக்கு எழுதிவிடுகிறேன். பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குப் பத்து வரி. என்ன சாப்பிட்டேன், எத்தனை எக்ஸ்ரே எடுத்தேன், மழை வந்ததா. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒன்பது கடிதம் போயிருக்கிறது.

முதல் மூன்றுக்குத் தகவலே இல்லை. படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. நான்காவது போன மாதம் திரும்பி வந்தது. பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மீதியெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இன்றைக்கு முதல் மூன்றும் சேர்ந்து வந்தன. அவற்றையும் பிரிக்கவில்லை. ஆறு வாரம் அப்படியே வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்.

பெறுகிறவர் இல்லாவிட்டால் தபால்காரர் உறையின் மேல் எழுதி அனுப்புவார், தெரியும் அல்லவா. இதில் அப்பாவே எழுதியிருக்கிறார். என் முகவரியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில், ஒன்பது உறையிலும் ஒரே மாதிரி: 'அனுப்பியவர் இறந்து விட்டார். திருப்பி அனுப்பவும்.'

இங்கே தபால் கொண்டுவருகிறவர் வயதில் சிறியவர். இன்று மூன்று உறைகளையும் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இத யார் கிட்ட குடுக்கணும்?" என்று கேட்டார்.

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.